பத்துக்குப் பத்து

ஒன்பது ஆட்களும் ஷார்ஷெனுக்குப் பத்துக்குப் பத்து போட்டிருந்தார்கள். கேள்வி பத்து, ஒவ்வொன்றுக்கும் பத்து மார்க். உங்கள் தலைவர் மற்றவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கிறாரா? பத்து. தன்மேல் தப்பு இருந்தால் ஒத்துக்கொள்கிறாரா? பத்து. கெட்ட செய்தியைப் பயமில்லாமல் அவரிடம் கொண்டுபோக முடிகிறதா? அதற்கும் பத்துதான். கடைசியில், 'அவர் மாற்றிக்கொள்ள வேண்டியது என்ன?' என்று கேட்டு மூன்று வரி இடம் விட்டிருந்தது. ஒன்பது காகிதத்திலும் அந்த இடத்தில், 'ஒன்றும் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளட்டும்' என்று இருந்தது.

உறையைப் பிரிக்காமல் தலைநகரத்துக்கு அனுப்பவேண்டும் என்பது ஏற்பாடு. ஷார்ஷென் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் ஒட்டினார். தன் டிப்போவிலிருந்து தனக்குத் தெரியாமல் ஒரு காகிதம் வெளியே போவதாவது!

அன்று வீட்டுக்குப் போனவர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று மனைவி அனார்கானிடம் சொன்னார்.

"தலைவன்னா தன்னைத் தானே தெரிஞ்சுக்கணும்னு மூணு நாள் வகுப்பு எடுத்தாங்கல்ல, அங்க நானே எனக்கு ஒம்பதுதான் போட்டேன். ஒரு மார்க் அடக்கத்துக்கு விட்டேன். இவனுங்க பத்துப் போட்டிருக்கானுங்க."

"நல்ல பசங்க," என்றாள் அனார்கான்.

"பசங்க என்ன நல்ல பசங்க? வளத்தவன் நல்லவன்."

"அதுவும் சரிதான். பூட்ஸைக் கழட்டுங்க, பனி கரைஞ்சு தண்ணி ஓடுது."

அவர் கம்பளத்தில் உட்கார்ந்ததும் பொரித்த மாவுத்துண்டுகளையும் வெண்ணெயையும் முன்னால் தள்ளிவிட்டு, பாலும் உப்பும் போட்ட டீயை ஊற்றிக் கிண்ணத்தை நீட்டினாள். இடது கையால் நீட்டினாள். எங்கள் பக்கத்தில் எந்தப் பெண்ணும் வீட்டு ஆம்பிளைக்கு இடது கையால் கிண்ணம் நீட்டமாட்டாள், புதுமருமகள்கூட அந்தத் தப்பைச் செய்யமாட்டாள். அனார்கான் நவம்பரிலிருந்தே அப்படித்தான் நீட்டிக்கொண்டிருந்தாள். ஷார்ஷெனுக்குக் கிண்ணம் வந்தது, டீ சூடாக இருந்தது, குடித்தார்.

அக்சோகு கணவாய் மூவாயிரம் மீட்டருக்கு மேலே. அக்டோபரில் விழுகிற பனி மே மாதம்தான் ஊரைவிட்டுப் போகும். கணவாய்ச் சாலையைப் பனி மூடாமல் பார்த்துக்கொள்வதுதான் டிப்போவின் வேலை. அங்கே பனியை அள்ளித் தூர வீசும் சுழலி வண்டி ஒன்று, புல்டோசர் இரண்டு, வியாழக்கிழமை தோறும் டீசலுக்குக் கீழே டவுனுக்குப் போய்வரும் லாரி ஒன்று, ஒன்பது ஆட்கள். அத்தனைக்கும் பத்தொன்பது வருடமாக ஷார்ஷென்தான் தலைவர். வேலை தெரிந்த மனுஷன், அதில் ஒரு சொல் சொல்ல முடியாது. சரிவை அண்ணாந்து பார்த்தே எந்த இடத்தில் பனி பிடுங்கிக்கொண்டு வரும் என்று சொல்லிவிடுவார். ஒரு வருடம் பனிச்சரிவில் மாட்டிய பஸ் நிறைய ஜனங்களைப் புதைகுழியிலிருந்து எடுத்த மாதிரி எடுத்துக் கீழே சேர்த்தவர். அவரிடம் குறை வேறு இடத்தில் இருந்தது. யாராவது கெட்ட செய்தி கொண்டுவந்தால் செய்தியை விட்டுவிட்டுக் கொண்டுவந்தவனைப் பிடித்துக்கொள்வார்.

மூன்று வருடத்துக்கு முன்னால் சுழலி வண்டி ஓட்டும் மெலிஸ் வந்து, "அண்ணே, பேரிங் விசில் அடிக்குது," என்றான்.

"உன் காதுதான் விசில் அடிக்குது. போய்க் குரும்பியை எடு," என்றார்.

எட்டாம் நாள் நாற்பத்தேழாவது கிலோமீட்டரில் வண்டி அப்படியே நின்றுவிட்டது. ஆறு மணி நேரம் கழித்து மெலிஸை மீட்டபோது இடது காலில் இரண்டு விரல்கள் குளிரில் கறுத்துப்போயிருந்தன, பிறகு வெட்டி எடுத்தார்கள். டிப்போவுக்குத் தூக்கிக்கொண்டு வந்ததும் ஷார்ஷென் கேட்ட முதல் கேள்வி, "ஏண்டா எங்கிட்ட முன்னாடியே சொல்லல?" மெலிஸ் கூரையைப் பார்த்துக்கொண்டு, "மறந்துட்டேண்ணே," என்றான். மறந்ததற்கும் ஒரு பாட்டம் திட்டு வாங்கிக்கொண்டான். அதற்குப் பிறகு அந்த டிப்போவில் எந்தப் பேரிங்கும் விசில் அடிக்கவில்லை.

காகிதங்கள் போய்ப் பத்து நாள் கழித்து, வகுப்பு எடுத்த அய்சுலு என்கிற பெண் தலைநகரத்திலிருந்து போன் செய்தாள்.

"ஐயா, ஒம்பது காகிதமும் ஒரே கையெழுத்துல இருக்கு."

"அதனால என்ன?"

"ஒரே ஆள் எழுதியிருக்காரு. மத்தவங்க மனசுல என்ன இருக்குன்னு தெரிய வேண்டாமா?"

"எல்லார் மனசுலயும் ஒண்ணுதான் இருக்கு. அதுக்குப் பேருதான் ஒத்துமை."

அவள் சிரிக்கவில்லை. "ஐயா, தப்பா நெனைக்காதீங்க. மூணு நாளும் முதல் வரிசையில நீங்கதான் உக்காந்திருந்தீங்க. நீங்கதான் அதிகமாப் பேசினீங்க. வகுப்புல மத்த டிப்போக்காரங்க உங்களப் பத்தி எழுதினதை அனுப்பட்டுமா?"

"வேண்டாம்," என்றார் ஷார்ஷென், யோசிக்காமலே.

"அப்ப மறுபடி எழுதி வாங்குங்க. அவங்க எழுதறப்ப நீங்க அந்த ரூம்ல இருக்காதீங்க."

ஆட்கள் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து மத்தியான டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஷார்ஷென் கதவைத் திறந்த வேகத்தில் அடுப்புப் புகை உள்ளே திரும்பியது.

"எவண்டா ஒம்பதையும் எழுதினது?"

கல்மாத் எழுந்து நின்றான். ஷார்ஷெனுக்கு இரண்டு வயது இளையவன், மற்ற எட்டுப் பேருக்கும் மூத்தவன்.

"நாந்தாண்ணே."

"ஆளுக்கு ஒண்ணுன்னுதானே குடுத்தேன்?"

"ஆளுக்கு ஒண்ணுதான் குடுத்தீங்க. அண்ணனுக்குத் தம்பி மார்க் போடறதா? பசங்களுக்குக் கை வரல. மூத்தவன் நீயே எழுதுன்னு எங்கிட்டத் தள்ளிட்டானுங்க. சாப்பாடு முடிஞ்சு துவா ஒருத்தர் சொல்றாரு, எல்லாரும் ஆமீன்னு முகத்தைத் தடவிக்கறோம். அது மாதிரிதான்."

"பேரு எழுத வேண்டாம்னு போட்டிருந்துச்சே, எதுக்குன்னு நெனச்சே?"

"அதாண்ணே, பேரு எழுதல."

மூலையில் எவனோ இருமுவதுபோல் சிரித்தான். ஷார்ஷென் புதுக்காகிதங்களை மேசையில் அறைந்தார். அறையைவிட்டு வெளியே போவதா வேண்டாமா என்று ஒரு நிமிஷம் நின்று பார்த்தார். தன் ஆட்கள், தன் அடுப்பு, தான் எதற்கு வெளியே போகவேண்டும்? ஜன்னல் பக்கம் திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"எழுதுங்க. நான் பாக்க மாட்டேன். மனசுல இருக்கறத எழுதுங்க. எவனும் பயப்படக் கூடாது. பயந்தீங்க, தொலைச்சுப்புடுவேன்."

பேனாக்கள் சரசரத்தன, நின்றன. கல்மாத் தொண்டையைக் கனைத்தான்.

"அண்ணே, எட்டுப் போட்டா கோவிச்சுக்குவீங்களா?"

"எட்டா? ஏன் எட்டு? ரெண்டு எங்கடா போச்சு?"

"இல்ல, சும்மா கேட்டேன்."

எட்டுக் காகிதம் எட்டுக் கையெழுத்தில் பத்துக்குப் பத்தாக வந்தது. ஒன்பதாவதில் மார்க்கே இல்லை. கீழே ஒரு வரி மட்டும்: 'உங்க வீட்டுல போய்க் கேளுங்க.'

ஷார்ஷென் அதை இரண்டு தரம் படித்தார். கழுத்து சிவந்துவிட்டது. "எவண்டா இது? எம் பொண்டாட்டியை எதுக்குடா இதுல இழுக்கறீங்க?"

"நாந்தான்," என்றான் மெலிஸ்.

"மெலிஸ், வாயை மூடு," என்றான் கல்மாத்.

"எத்தனை நாளைக்கு மூடறது? போய்க் கேளுங்கண்ணே. காகிதத்துல எழுதறதுக்கு எங்களுக்கு ஒண்ணும் இல்ல. வீட்டுல கேளுங்க."

"நாளைக்கு நீ இங்க வராத!" என்று கத்தினார் ஷார்ஷென். "உன் மூஞ்சிய இந்தக் கேட்டுக்குள்ள பாத்தேன்னா..." என்ன செய்வார் என்று அவருக்கே தெரியவில்லை. காகிதத்தைக் கசக்கிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வீடு டிப்போவிலிருந்து எட்டு நிமிஷ நடை. வெயில் மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. அனார்கான் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். அவர் காகிதத்தைப் பிரித்து அவள் மடியில் போட்டார்.

"இதுக்கு என்ன அர்த்தம்?"

அவள் படித்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

"மெலிஸ்தானே?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அவனாலதான் தாங்க முடியல. போன வாரமே சொன்னான், அக்கா நான் சொல்லிடப் போறேன்னு. கொஞ்சம் உக்காருங்க. இப்படி நின்னீங்கன்னா எனக்குப் பேச வராது."

அவர் உட்கார்ந்தார். அவள் அவர் முகத்தைப் பார்க்காமல், கிழங்குத் தோலை விரலில் சுற்றியபடி பேசினாள். அக்டோபரில் வலது மார்பில் கட்டி. கல்மாத்தின் மனைவிதான் முதலில் தொட்டுப் பார்த்தது. நவம்பரில் டவுன் ஆஸ்பத்திரியில் அறுத்தார்கள், வலது கை இன்னும் சரியாகத் தூக்க வரவில்லை. அதிலிருந்து வியாழக்கிழமை தோறும் டீசல் லாரியில் கீழே போய் நரம்பில் மருந்து ஏற்றிக்கொண்டு, அவர் வீடு திரும்புவதற்குள் வந்துவிடுகிறாள்.

"நவம்பர்ல நீ உங்க அக்கா வீட்டுக்குப் போனே. பத்து நாள்."

"எங்க அக்கா வீட்டுல யாரு இருக்கா? அவ மக ரஷ்யாவுக்குக் கூட்டிக்கிட்டுப் போயி ரெண்டு வருஷம் ஆச்சு. உங்ககிட்டச் சொன்னேனே."

ஷார்ஷெனுக்கு ஞாபகம் வரவில்லை.

"வியாழக்கிழமை வண்டி லேட்டா வருதுன்னு மெலிஸை அடிக்கப் போனீங்களே, அன்னிக்கு லாரி ஓட்டற முறை அவனுது. எனக்கு வாந்தி நிக்கல. நாலு எடத்துல வண்டிய ஓரங்கட்டினான். எம் முதுகைப் பிடிச்சுக்கிட்டு நின்னான் பாவம், அந்தக் குளிர்ல. உங்க ஆளுங்க ஒம்பது பேரும் முறைபோட்டு எங்கூட வந்தாங்க. எல்லாருக்கும் தெரியும்."

"எல்லாருக்கும் தெரியும். எனக்குத் தெரியாது."

"சொன்னேனே."

"எப்ப சொன்னே?"

"அக்டோபர்ல. முதல் பனி விழுந்த அன்னிக்கு. இங்க கல்லு மாதிரி ஒண்ணு இருக்குங்கன்னு சொன்னேன். கனமான வாளியத் தூக்காதேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்னு ஆரம்பிச்சீங்க. வாளிய வச்சே அரைமணி நேரம். வாளி தூக்கினது தப்புதான்னு நான் மன்னிப்புக் கேட்டேன். அதோட நீங்க தூங்கிட்டீங்க." அவள் லேசாகச் சிரித்தாள். "மறுநாள் நீங்களே தண்ணி கொண்டாந்து வச்சீங்க. ரெண்டு வாளி. அதையும் சொல்லணும்ல."

ஷார்ஷெனுக்கு அந்த வாளிகள் நன்றாக ஞாபகம் இருந்தன. அவள் சொன்ன கல்தான் ஞாபகத்தில் இல்லை. எவ்வளவு தேடியும் இல்லை.

"டாக்டர் என்ன சொல்றாரு?"

"எங்கிட்ட யாரு சொல்றா? நோயாளிகிட்டச் சொல்வாங்களா? வீட்டு ஆம்பிளையக் கூப்பிடுன்னாங்க. போன மாசம் கல்மாத்தான் வந்திருந்தான். அவந்தான் புருஷன்னு நெனச்சு உள்ள கூட்டிக்கிட்டுப் போயிப் பேசினாரு. வெளிய வந்து, எல்லாம் சரியாயிடும் அண்ணின்னு சொன்னான். வழிபூரா பாட்டுப் பாடிக்கிட்டே வந்தான். அவனுக்கு எங்க பாட்டு வரும்?"

அடுப்பில் நிலக்கரி சரிந்தது.

"ஒண்ணு கேக்கறேன்," என்றாள் அனார்கான். "நாளைக்குப் போயி அவங்ககிட்டக் கத்தாதீங்க. நாந்தான் சொல்ல வேண்டாம்னு சத்தியம் வாங்கினேன். எனக்குப் பயம், அவ்வளவுதான். நோயை நெனச்சுப் பயம் ஒரு பக்கம் இருக்கட்டும். அதுக்கு மேல உங்க கத்தலையும் சேத்துத் தாங்க எனக்குத் தெம்பு இல்ல."

"நான் என்ன அவ்வளவு மோசமா?" என்று கேட்டார் ஷார்ஷென். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். கேட்ட குரலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அனார்கானின் தோள் தானாக ஒடுங்கியது. அவள் ஒடுங்கியதை, முப்பத்தோரு வருடத்தில் முதல்முறையாக, அவர் பார்த்தார்.

காலையில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. டிப்போவுக்கு நடக்கும்போது ஷார்ஷென் சொல்லவேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். "தம்பிங்களா, நான் தப்புப் பண்ணிட்டேன். நீங்க செஞ்சதுக்கு அல்லா உங்களுக்கு நல்லது செய்யட்டும்." இவ்வளவுதான். எட்டு நிமிஷத்தில் பத்துத் தரமாவது சொல்லியிருப்பார்.

ஒன்பது பேரும் கொட்டகையில் இருந்தார்கள். வரவேண்டாம் என்று சொல்லியும் மெலிஸ் வந்து சுழலி வண்டிக்குக் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தான்.

"தம்பிங்களா," என்றார் ஷார்ஷென்.

யாரும் நிமிரவில்லை. வரப்போவது என்ன என்று தெரிந்தவர்கள்போல் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"தம்பிங்களான்னு கூப்பிடறேன்ல? காது செத்துப் போச்சா?"

அவ்வளவுதான், வாய் பிய்த்துக்கொண்டது. நாலு மாசம், நாலு மாசம் என் வீட்டு விஷயத்தை என்கிட்டயே மறைச்சீங்களேடா, நீங்க யாருடா, எம் பொண்டாட்டி முதுகைப் பிடிக்க நீ யாருடா என்று எங்கெங்கோ போயிற்று. ஆனால் இன்று ஒன்று புதிதாக நடந்தது. தன் குரல் அவருக்குக் கேட்டது. அடுத்த வீட்டில் எவனோ கத்துவதுபோலக் கேட்டது. சீ, இவ்வளவு அசிங்கமாகவா இருக்கும் என்று நினைத்தார். பனிக்காற்றுக்கு முதுகைக் காட்டி நிற்கும் குதிரைகளைப்போல் ஒன்பது பேரும் நிற்பது தெரிந்தது. கல்மாத்தின் விரல்கள் பூட்டிய பொத்தானையே திரும்பத் திரும்பப் பூட்டுவது தெரிந்தது. எல்லாம் தெரிந்தது, நிறுத்தத் தெரியவில்லை. இத்தனை வருடத்தில் அதற்கு ஒரு பிரேக் வைக்க அவருக்குத் தோன்றவே இல்லை. தானாக ஓடி, தானாகத்தான் நின்றது.

"வேலையப் பாருங்க," என்று முனகினார். "மெலிஸ், நீயும்தான்." பிறகு கல்மாத்தைச் சாமான் அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்.

"டாக்டர் உங்கிட்ட என்ன சொன்னாரு?"

"எல்லாம் சரியாயிடும்னு சொன்னாருண்ணே."

"அவரு சொன்ன வார்த்தைய அப்படியே சொல்லு. நான் கத்த மாட்டேன்."

"கத்தினாலும் பரவாயில்லண்ணே. அதேதான் சொன்னாரு."

"கல்மாத்." ஷார்ஷென் அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். "கெஞ்சிக் கேக்கறேன்டா."

கல்மாத் மிரண்டுபோனான். திட்டு அவனுக்குப் பழகியது, இது பழகாதது. சுவரில் தொங்கிய மண்வெட்டிகளின்மேல் அவன் கண் ஒவ்வொன்றாக ஓடியது. பனிச்சரிவுக்கு அடியில் கயிறு கட்டிக்கொண்டு தயங்காமல் இறங்குகிற ஆள் அவன். பயந்து அலைகிற அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டிருக்க ஷார்ஷெனால் முடியவில்லை. இந்தப் பயத்தை நான்தான் உண்டாக்கினேன், வேறு யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டார். சட்டையை விட்டுவிட்டார்.

"அண்ணே," என்றான் கல்மாத் மெதுவாக. "ஒண்ணு சொல்லட்டுமா?"

பத்தொன்பது வருடத்தில் அவன் இப்படிக் கேட்டதே இல்லை.

"சொல்லு."

"நீங்க வீட்டுக்குப் போங்க. இன்னிக்கு மட்டும் இல்ல. இந்த வருஷம் பனிய நாங்க பாத்துக்கறோம். மேல இருந்து யாராவது கேட்டா ஏதாவது சொல்லிக்கறோம். நீங்க வசந்தம் வரைக்கும் அண்ணிகூட இருங்க. வசந்தம் வரைக்கும் இருந்தாப் போதும்ணே."

சொல்லிவிட்டுத்தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. கையால் வாயைத் துடைத்துக்கொண்டான். ஷார்ஷெனுக்குக் கேட்க ஒன்றும் மிச்சம் இல்லை.

வெளியே வந்து புல்டோசர்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போவதைக் கேட்டுக்கொண்டு கொட்டகைச் சுவரில் சாய்ந்து நின்றார். எவ்வளவு நேரம் நின்றார் என்று தெரியாது. மீசையெல்லாம் வெள்ளையாகிவிட்டது. யாரும் எதற்கும் அவரைக் கூப்பிடவில்லை. மத்தியானம் ஆனதும் வீட்டைப் பார்த்து நடந்தார். பனிக்காலத்தில் அவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனதாக யாருக்கும் ஞாபகம் கிடையாது.

அனார்கான் ஒரு கையால் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கதவு திறந்ததும் திரும்பிப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள், பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"என்ன, இந்நேரத்துல?"

"வேலை இல்ல."

ஜன்னலுக்கு வெளியே எதிர்மலை தெரியாத அளவுக்குக் கொட்டிக்கொண்டிருந்தது. கணவாய்ப் பக்கமிருந்து சுழலி வண்டி உறுமும் சத்தம் வந்தது. அவள் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"கல்மாத்கிட்டக் கேட்டீங்களா?"

"கேட்டேன்." ஷார்ஷென் பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்தார். "எல்லாம் சரியாயிடும்னு டாக்டர் சொன்னாராம். நீ போய் உக்காரு. மாவை நான் பாத்துக்கறேன்."

அதை அவர் சொன்ன குரல் மெதுவாக இருந்தது. அவ்வளவு மெதுவாக அவர் அவளிடம் பேசியதே இல்லை, கல்யாணத்தன்றுகூட. அனார்கானின் கையிலிருந்து மாவு நழுவித் தட்டில் விழுந்தது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு கம்பளத்தில் உட்கார்ந்தாள்.

"கத்துங்களேன்," என்றாள். "ஏன் இப்படிப் பேசறீங்க? எப்பவும் போலக் கத்துங்க. ஒரு தடவை கத்துங்க."

ஷார்ஷென் வாயைத் திறந்தார். அவருக்குக் குரல் வரவில்லை.